பி.ஆர். (நிரந்தர வசிப்பு உரிமை) வழி எது? எனக்கு 34, மனைவி நர்ஸ், கம்பெனி ஜெர்மனி என்கிறது, ஏஜென்ட் கனடா என்கிறார்

வண்டலூர்_வாசி

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், ஏனென்றால் பாதி விவரம் கொடுத்துக் கேட்டால் பாதி பதில்தான் வரும்.

எனக்கு 34 வயது, நவம்பரில் 35. அண்ணா பல்கலைக்கழகத்தின் கீழ் வரும் ஒரு தனியார் கல்லூரியில் 2012-இல் பி.இ. ஈ.சி.இ. முடித்தேன். ஒரகடம் பக்கம் வாகன உதிரிபாகக் கம்பெனியில் எம்பெடட் வேலை, பன்னிரண்டு வருட அனுபவம். மனைவிக்கு 31, பி.எஸ்சி. நர்சிங், தனியார் மருத்துவமனை ஒன்றில் ஐ.சி.யு. ஸ்டாஃப் நர்ஸாக எட்டு வருடமாக இருக்கிறாள். பையனுக்கு நாலு வயது. அப்பா அம்மா திண்டிவனத்தில், அப்பாவுக்கு சர்க்கரை.

இப்போது மூன்று பேச்சு ஓடுகிறது. கம்பெனியின் தாய் நிறுவனம் ஜெர்மனியில், ஸ்டுட்கார்ட் பக்கம். அங்கே ஒரு ப்ராஜெக்ட்டுக்கு என்னை அனுப்பப் பார்க்கிறார்கள், ஹெச்.ஆர். "இரண்டு வருடம், அப்புறம் பார்க்கலாம்" என்கிறார். தி.நகரில் ஒரு ஏஜென்ட் கனடாவில் ஜாப் ஆஃபர் லெட்டரோடு சேர்த்து பேக்கேஜ் என்று ஒரு பெரிய தொகை கேட்கிறார். மச்சான் ஆஸ்திரேலியா என்கிறான். எனக்கு வேண்டியது ஒன்றுதான்: பையன் பள்ளிப் படிப்பை ஒரே நாட்டில் முடிக்க வேண்டும், நாற்பது வயதில் விசா முடிந்துவிட்டது என்று பெட்டியைக் கட்டிக்கொண்டு திரும்பி வரும் நிலை வேண்டாம். எந்த வழியில் போகலாம்?


நெக்கர்_கரை

நண்பரே, நாட்டைப் பற்றி யோசிக்கும் முன் ஹெச்.ஆரிடம் ஒரு கேள்வி கேளுங்கள். அனுப்புவது டெபுடேஷனா, இல்லை ஜெர்மன் கம்பெனியோடு நேரடி ஒப்பந்தமா? இரண்டுக்கும் சம்பளம் கிட்டத்தட்ட ஒன்றாகத் தெரியும், பி.ஆர். விஷயத்தில் இரண்டும் இரண்டு துருவம்.

டெபுடேஷன் என்றால் பெரும்பாலும் ஐ.சி.டி. கார்ட் கொடுப்பார்கள், ஒரே குழுமத்துக்குள் ஆளை மாற்றி அனுப்புவதற்கான அனுமதி அது. அதிகபட்சம் மூன்று வருடம். உங்கள் வேலை ஒப்பந்தம் சென்னைக் கம்பெனியோடு அப்படியே இருக்கும். இந்தியாவுக்கும் ஜெர்மனிக்கும் 2017 மே முதல் சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தம் இருப்பதால், பி.எஃப். நிறுவனமான இ.பி.எஃப்.ஓ.விடம் ஒரு சான்றிதழ் வாங்கி உங்கள் பி.எஃப்.பை இங்கேயே கட்டி, ஜெர்மன் பென்ஷன் கட்டாமல் விடுவார்கள். கேட்க நன்றாக இருக்கும், கைக்கும் கொஞ்சம் கூடுதலாக வரும். ஆனால் அந்த ஊரின் நிரந்தர வசிப்பு உரிமைக்கு எண்ணுவதே ஜெர்மன் பென்ஷன் கட்டிய மாதங்களைத்தான். மூன்று வருடம் அங்கே இருந்துவிட்டு கணக்கில் பூஜ்யத்தோடு திரும்புவீர்கள். எங்கள் கட்டடத்திலேயே இரண்டு குடும்பங்கள் அப்படிப் போயின, அதில் ஒருவர் வீட்டுப் பையன் ஜெர்மன் பள்ளியில் இரண்டாம் வகுப்பு வரை படித்திருந்தான்.

நேரடி ஒப்பந்தம் என்றால் புளூ கார்ட், அதாவது பட்டதாரிகளுக்கான வேலை, வசிப்பு அனுமதி. 2026-க்கு பொதுவான சம்பள வரம்பு ஆண்டுக்கு 50,700 யூரோ, ஆள் பற்றாக்குறை உள்ள தொழில்களுக்கு 45,934 யூரோ சொச்சம், பொறியாளர்கள் அந்தப் பட்டியலில் வருகிறார்கள். புளூ கார்டில் 27 மாதம் வேலை செய்து பென்ஷன் கட்டி ஏ1 (ஆரம்ப நிலை) ஜெர்மன் இருந்தால் நிரந்தர உரிமை கேட்கலாம், பி1 (இடைநிலை) இருந்தால் 21 மாதத்திலேயே. கூடவே 'ஜெர்மனியில் வாழ்க்கை' தேர்வு ஒன்று, 33 கேள்வியில் 15 சரியாக இருந்தால் போதும். மனைவி ஜெர்மன் தெரியாமலே உங்களோடு வரலாம், வேலையும் செய்யலாம். இன்றைக்கு வளர்ந்த நாடுகளில் இதைவிடக் குறைந்த காலத்தில் வேலை வழியாக பி.ஆர். தருகிற இடம் அதிகம் இல்லை.

அதனால் உங்கள் கேள்வி ஜெர்மனியா கனடாவா என்பது இல்லை. கையில் கொடுக்கப்போகும் காகிதம் எது என்பதுதான்.


ஸ்கார்பரோ_தமிழன்

அந்த ஏஜென்டிடம் போகாதீர்கள். இதை முதலில் எழுதிவிட்டு மற்றதைச் சொல்கிறேன்.

புள்ளி அதிகம் உள்ளவர்களுக்குச் சுற்றுச் சுற்றாக பி.ஆர். அழைப்பு அனுப்பும் கனடா எக்ஸ்பிரஸ் என்ட்ரியில் ஜாப் ஆஃபருக்கு 50 அல்லது 200 புள்ளி கொடுத்துக்கொண்டிருந்தார்கள். 2025 மார்ச் 25-ஆம் தேதி அதை மொத்தமாக எடுத்துவிட்டார்கள். லெட்டர் விற்பனை ஒரு தொழிலாகவே ஆகிவிட்டதால்தான் எடுத்தார்கள். இன்னும் சென்னையில் அதே லெட்டரைப் புள்ளிக்காக விற்கிறார்கள் என்றால் என்ன அர்த்தம் என்று பாருங்கள். பணம் வாங்கிக்கொண்டு கனடா விண்ணப்பத்துக்கு ஆலோசனை சொல்பவர் கனடாவில் உரிமம் பெற்ற ஆலோசகராகவோ வழக்கறிஞராகவோ இருக்க வேண்டும். உரிம எண்ணைக் கேட்டு, உரிமம் தந்த அமைப்பின் பொதுப் பதிவேட்டில் நீங்களே தேடிப் பாருங்கள். எண் சொல்ல மழுப்பினால் எழுந்து வந்துவிடுங்கள்.

இப்போது உங்கள் சி.ஆர்.எஸ்., அதாவது எக்ஸ்பிரஸ் என்ட்ரி புள்ளிக் கணக்கு. நீங்கள் முதன்மை விண்ணப்பதாரர், மனைவியும் கூட வருகிறார் என்று வைத்துப் போடுகிறேன். 34 வயதுக்கு 75, பட்டப்படிப்புக்கு 112. ஐ.இ.எல்.டி.எஸ்.-இல் கேட்டலில் 8, மற்ற மூன்றிலும் 7 வாங்கினால் 116. மனைவியின் படிப்புக்கு 8, அவரும் அதே ஆங்கில மதிப்பெண் வாங்கினால் 20. படிப்பும் ஆங்கிலமும் சேர்ந்து 25, வெளிநாட்டு அனுபவமும் ஆங்கிலமும் சேர்ந்து 50. கூட்டினால் 406. நவம்பரில் அது 401 ஆகிவிடும், இந்த வயதில் வருடத்துக்கு ஐந்து ஐந்தாகக் குறையும்.

2025-இல் கனடாவுக்குள்ளேயே வேலை பார்த்தவர்களுக்கான சுற்றுகள் ஒன்றுகூட 500-க்குக் கீழே இறங்கவில்லை. வருடாந்திர பி.ஆர். எண்ணிக்கையை 2025-க்கு 3,95,000, 2026-க்கு 3,80,000 என்று குறைத்துவிட்டார்கள். 2021, 22-இல் போனவர்கள் சொல்லும் கதையை வைத்து இன்றைக்குத் திட்டம் போடாதீர்கள்.

ஒரே ஒரு வாசல் திறந்திருக்கிறது, பிரெஞ்சு. நான்கு திறனிலும் நிலை 7 வாங்கினால் (ஏறக்குறைய பி2) உங்களுக்கு 62 புள்ளி கூடும். பிரெஞ்சு தெரிந்தவர்களுக்கான சுற்றுகள் 2025-இல் 379-க்கும் 481-க்கும் நடுவில் முடிந்தன. உங்கள் 406-ஓடு 62 என்றால் 468, பெரும்பாலான சுற்றுகளில் அழைப்பு வந்திருக்கும். நுங்கம்பாக்கத்தில் அலியான்ஸ் ஃபிரான்சேஸ் இருக்கிறது, சேரலாம். ஆனால் வேலைக்குப் போய்க்கொண்டே பி2 என்பது ஒரு வருடத்துக்கு மேல் பிடிக்கும் வேலை, அதைத் தெரிந்துகொண்டு இறங்குங்கள்.

பணமும் காட்ட வேண்டும். மூன்று பேர் குடும்பத்துக்கு 2025 ஜூலைக் கணக்கில் 23,360 கனடா டாலர். நகை, மனை எதுவும் கணக்கில் வராது, கடன் வாங்கிய பணமும் கூடாது. கடைசி நேரத்தில் மாமனார் கணக்கிலிருந்து போட்டு நிரப்பினால் கேள்வி வரும்.


அடிலெய்ட்_அக்கா

தம்பி, மூன்று பேரும் எழுதியதைப் படித்தேன். உங்கள் மனைவி ஐ.சி.யு.வில் எட்டு வருடம் வேலை பார்த்த நர்ஸ். உங்களைவிட மூன்று வயது சிறியவர். ஆனால் நீங்கள் கேட்ட கேள்வியிலும் வந்த பதில்களிலும் அவர் 'கூட வருபவர்' ஆகத்தான் இருக்கிறார். ஏன்?

நானும் நர்ஸ். கீழ்ப்பாக்கத்தில் வேலை பார்த்துவிட்டு இங்கே வந்தேன், என் கணவர் என் விசாவில்தான் வந்தார். எங்கள் வீட்டில் அதைச் சொல்ல முதலில் எல்லோருக்கும் ஒரு தயக்கம் இருந்தது, இப்போது இல்லை.

ஆஸ்திரேலியா கணக்கைப் போடுகிறேன். வயது 25 முதல் 32 வரை 30 புள்ளி, 33 முதல் 39 வரை 25. நீங்கள் 34 ஆனாலும் 35 ஆனாலும் உங்களுக்கு 25-தான், நவம்பர் பிறந்தநாளைப் பற்றிக் கவலைப்படவே வேண்டாம். பார்க்க வேண்டியது அவருடைய 33-வது பிறந்தநாளை. பட்டத்துக்கு 15, எட்டு வருட அனுபவத்துக்கு 15, ஆங்கிலத்தில் ஒவ்வொரு பகுதியிலும் ஐ.இ.எல்.டி.எஸ். 8-க்குச் சமமான மதிப்பெண் வாங்கினால் 20, 7 என்றால் 10. நீங்கள் பொறியாளர்களை மதிப்பிடும் என்ஜினியர்ஸ் ஆஸ்திரேலியா அமைப்பில் மதிப்பீடு வாங்கி ஆங்கிலத்தில் 6 எடுத்துவிட்டால் துணைவருக்கான 10. அவர் முதன்மையாக இருந்தால் 80 முதல் 90. மாநில நியமனமான 190-க்கு இன்னும் 5, பிராந்திய விசாவான 491-க்கு 15. நீங்கள் முதன்மையாக இருந்தாலும் 85 வரை வரும், அதில் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் புள்ளி ஒன்றாக இருந்தாலும் நர்ஸுக்கும் பொறியாளருக்கும் ஒரே வரிசை இல்லை. செவிலியர், ஆசிரியர் போன்ற தொழில்களுக்கு மற்றவர்களைவிடக் குறைந்த புள்ளியிலேயே அழைப்பு அனுப்புகிறார்கள், மாநிலங்களும் அவர்களைத்தான் முதலில் எடுக்கின்றன.

இதில் கஷ்டமான பகுதியையும் மறைக்கக் கூடாது. இந்தியாவில் படித்த நர்ஸ் முதலில் இங்கே பதிவு வாங்க வேண்டும். அதற்கு என்கிளெக்ஸ் என்கிற நர்ஸ் பதிவுத் தேர்வு, அதைச் சென்னையிலேயே எழுதலாம். அடுத்தது ஆஸ்கி என்கிற செய்முறைத் தேர்வு, அதற்கு ஆஸ்திரேலியா வந்தாக வேண்டும். பதிவு கிடைத்த பிறகுதான் குடியேற்றத்துக்கான தொழில் மதிப்பீடு. விசாவுக்கு முதன்மை விண்ணப்பதாரரின் கட்டணமே கிட்டத்தட்ட 5,000 ஆஸ்திரேலிய டாலர், நீங்களும் பையனும் தனி. சுலபம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் மாநில நியமனம் வேண்டாத 189 விசாவோ 190-ஓ கிடைத்தால் விமானம் ஏறும்போதே பி.ஆர். கையில் இருக்கும், எந்த முதலாளியின் தயவும் இல்லை. முதல் மாதமே வேலை பிடிக்கவில்லை என்று விடலாம், யாரும் கேட்க முடியாது. 491 என்றால் ஐந்து வருட தற்காலிக விசா, சிட்னி மெல்பர்ன் பிரிஸ்பேன் தவிர்த்த இடத்தில் மூன்று வருடம் வாழ்ந்து வரி கட்டிய பிறகு 191 விசா வழியாக நிரந்தரம். அடிலெய்ட் அந்தப் பிராந்தியப் பட்டியலில் இருப்பதால் பலருக்கு இது நல்ல வழிதான்.


வண்டலூர்_வாசி

அக்கா, இதை என் மனைவியிடம் அப்படியே படித்துக் காட்டினேன். அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை, அப்புறம் "என்கிளெக்ஸ் பற்றி வார்டில் எல்லோரும் பேசுகிறார்கள், நான் உங்களிடம் சொல்லவில்லை" என்றாள். ரொம்ப நன்றி.

ஸ்கார்பரோ அண்ணா, அவளை முதன்மையாக வைத்தால் கனடாவில் எவ்வளவு வரும்?


ஸ்கார்பரோ_தமிழன்

அதே முறையில் போட்டால் 31 வயதுக்கு 90, மற்றதெல்லாம் அப்படியே, 421. ஆங்கிலத்தில் ஒரு படி மேலே போனால் 433. சுகாதாரத் துறையினருக்கென்று தனிச் சுற்றுகள் நடக்கின்றன, இந்தியாவில் பார்த்த அனுபவமே அதற்குச் செல்லும், விண்ணப்பிக்க கனடாவின் நர்ஸ் பதிவு தேவையில்லை. ஆனால் 2025-இன் பின்பாதியில் அந்தச் சுற்றுகள் 460 முதல் 480 வரை நின்றன. நாற்பது புள்ளி போல இடிக்கும். எம்.எஸ்சி. நர்சிங் இருந்தால் ஏறக்குறைய அந்த எல்லையைத் தொட்டுவிடலாம். பிரெஞ்சு படிப்பதாக இருந்தால் உங்களைவிட அவர் படிப்பது நல்லது, 480-ஐத் தாண்டிவிடுவார்.

பி.ஆர். கிடைத்த பின் அங்கே நர்ஸாக வேலை செய்ய மாகாணப் பதிவு வேண்டும், அதற்கும் அதே என்கிளெக்ஸ்தான். அடிலெய்ட் அக்கா சொன்ன தேர்வை எழுதினால் இரண்டு நாட்டுக்கும் பயன்படும்.


தாம்பரம்_மேற்கு

எல்லோரும் புள்ளியைப் பற்றிப் பேசுகிறீர்கள். நம் ஊர்க்காரர்களின் விண்ணப்பம் சிக்குவது காகிதத்தில். அதைப் பற்றிக் கொஞ்சம் எழுதுகிறேன், எந்த நாட்டுக்குப் போனாலும் இது பொது.

முதலில் இனிஷியல். மார்க்ஷீட்டில் பெயருக்கு முன்னாலோ பின்னாலோ ஒற்றை எழுத்து, பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுசாக குடும்பப் பெயர் இடத்தில், பான் கார்டில் வேறு வரிசை, கல்யாணத்துக்குப் பிறகு மனைவியின் ஆதாரில் கணவர் பெயர். நமக்கு இது சாதாரணம், வெளிநாட்டு அதிகாரிக்கு இவை மூன்று வெவ்வேறு ஆட்கள். இன்றே எல்லாவற்றையும் மேசையில் பரப்பிப் பாருங்கள். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் காலியாக இருந்தால் இப்போதே சரிசெய்யுங்கள். மாற்ற முடியாத மார்க்ஷீட்டுக்கு, இரண்டு பெயரும் ஒரே ஆளுடையது என்று நோட்டரி முன் அஃபிடவிட் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். பெயர் ஏற்றாத பழைய பிறப்புச் சான்றிதழ் பலரிடம் இருக்கிறது, அதையும் பாருங்கள்.

இரண்டாவது, அனுபவக் கடிதம். சென்னைக் கம்பெனிகள் பலவற்றில் ஹெச்.ஆர். தருவது 'இன்ன தேதி முதல் இன்ன தேதி வரை இன்ன பதவி' என்ற நாலு வரிதான். கனடாவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் அது போதாது. என்ன வேலை செய்தீர்கள், வாரம் எத்தனை மணி நேரம், சம்பளம் எவ்வளவு என்று எழுதி இருக்க வேண்டும். கொள்கை அனுமதிக்காது என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள், எனக்கும் ஒரு பெரிய கம்பெனியில் அப்படித்தான் நடந்தது. அப்போது உங்கள் மேனேஜர் கையெழுத்திட்ட கடிதம், முத்திரைத்தாளில் உறுதிமொழி, கூடவே சம்பளச் சீட்டு, ஃபார்ம் 16, பி.எஃப். பாஸ்புக். பி.எஃப். பாஸ்புக் மிக உபயோகமானது, அரசாங்கத்தின் பதிவு என்பதால் மறுக்க முடியாது. பழைய கம்பெனியின் மேனேஜர் வேறு இடம் போவதற்கு முன் கடிதத்தை வாங்கிவிடுங்கள்.

மூன்றாவது, உங்கள் மனைவியின் டிரான்ஸ்கிரிப்ட். அவர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம் என்றால் கிண்டியில், அதோடு தமிழ்நாடு செவிலியர் கவுன்சிலிடமிருந்து பதிவு சரிபார்ப்பு. இரண்டுக்கும் நேரம் எடுக்கும், இப்போதே எழுதிப் போடுங்கள்.

உங்கள் என்ஜினியர்ஸ் ஆஸ்திரேலியா மதிப்பீட்டுக்கு ஒரு குறிப்பு. பொறியியல் பட்டங்களை நாடுகள் ஒன்றுக்கொன்று ஏற்கும் வாஷிங்டன் உடன்பாட்டில் இந்தியா முழு உறுப்பினர் ஆனது 2014-இல். நீங்கள் 2012, அதனால் சி.டி.ஆர். என்கிற அறிக்கை எழுத வேண்டும், உங்கள் வேலையிலிருந்து மூன்று அத்தியாயம். இதை எழுதித் தருகிறோம் என்று ஆட்கள் வருவார்கள். ஒரே அறிக்கையைப் பெயர் மாற்றிப் பத்து பேருக்கு விற்பார்கள், கண்டுபிடித்தால் உங்களுக்குத்தான் தடை. உங்கள் வேலை உங்களுக்குத் தெரியும், நீங்களே உட்கார்ந்து எழுதுங்கள்.


சிராங்கூன்_ரோடு

சிங்கப்பூரை யாரும் சொல்லவில்லையே என்று எழுதுகிறேன். நாலு மணி நேரப் பயணம், தமிழ் ஆட்சிமொழிகளில் ஒன்று, பையன் பள்ளியில் தமிழ் படிக்கலாம், அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்றால் அன்றைக்கே திண்டிவனம் வந்துவிடலாம். எம்ப்ளாய்மென்ட் பாஸ் என்ற வேலை அனுமதிக்கு குறைந்தபட்ச சம்பளம் 2025 முதல் மாதம் 5,600 வெள்ளி, உங்கள் வயதுக்கு அதைவிடக் கூடுதலாகக் கேட்பார்கள், அதற்கு மேல் கம்பஸ் புள்ளி முறையும் உண்டு.

ஆனால் பி.ஆர். தருவதற்குப் புள்ளிப் பட்டியல் எதுவும் வெளியிடுவதில்லை. விண்ணப்பிக்கலாம், கிடைக்கலாம், காரணம் சொல்லாமல் மறுக்கவும் செய்வார்கள். பத்து வருடம் இங்கே இருந்தும் கிடைக்காத தமிழ்க் குடும்பங்கள் எனக்குத் தெரிந்தே இருக்கின்றன. உங்களோடு பையனும் பி.ஆர். ஆனால் அவன் வளர்ந்ததும் தேசிய சேவை செய்தாக வேண்டும். நீங்கள் கேட்டது உறுதியான வழி, அதனால் இதை முதலிடத்தில் வைக்க என்னால் சொல்ல முடியாது.


நியூஜெர்சி_வடை

அமெரிக்கா பற்றி நீங்கள் கேட்கவில்லை, கேட்காததே நல்லது. வேலை வழி கிரீன் கார்ட் வருடத்துக்கு அடிப்படை எண்ணிக்கை 1,40,000, அதில் எந்த ஒரு நாட்டுக்கும் ஏழு சதவீதத்துக்கு மேல் இல்லை. கணக்கிடுவது பிறந்த நாட்டை வைத்து. இடையில் கனடாக் குடியுரிமை வாங்கினாலும் நீங்கள் இந்திய வரிசையில்தான் நிற்பீர்கள். ஈ.பி.2 என்ற கிரீன் கார்ட் பிரிவில் பத்து வருடத்துக்கு முன்னால் போட்டவர்களே இன்னும் காத்திருக்கிறார்கள். பிள்ளைக்கு 21 ஆனால் பெற்றோர் விண்ணப்பத்திலிருந்து வெளியே போய்விடும் ஆபத்து வேறு. 2025 செப்டம்பரில் வெளிநாட்டிலிருந்து எடுக்கும் புதிய ஹெச்1பி வேலை விசாவுக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் என்று அறிவித்த பிறகு சென்னையிலிருந்து புதிதாக எடுக்கும் கம்பெனிகள் ரொம்பக் குறைவு.


குரோம்பேட்டை_மாமா

தம்பி, என் பெண் மெல்பர்னில், பையன் டொரன்டோவில். நான் இங்கே. பெற்றோர் பக்கத்திலிருந்து ஒரு வார்த்தை எழுதலாமா.

அப்பாவுக்கு சர்க்கரை என்று எழுதியிருக்கிறீர்கள், அதற்கு யாரும் பதில் சொல்லவில்லை. வழியைத் தேர்ந்தெடுக்கும்போது அவர்களை அழைத்துக்கொள்ளும் விதிகளையும் படித்துவிடுங்கள். கனடாவில் பெற்றோருக்கு பி.ஆர். குலுக்கல் போலத்தான் இருந்தது, ஆனால் சூப்பர் விசா என்று ஒன்று இருக்கிறது, ஒரு தடவை போனால் ஐந்து வருடம் வரை தங்கலாம், மருத்துவக் காப்பீடு கட்டாயம். நாங்கள் அதில் போய் வருகிறோம். ஆஸ்திரேலியாவில் பெற்றோர் விசாவுக்குப் பிள்ளைகளில் குறைந்தது பாதிப் பேர் அங்கே இருக்க வேண்டும். சீக்கிரம் வேண்டுமென்றால் ஒருவருக்கே பல பத்தாயிரம் டாலர் கட்ட வேண்டும், பணம் கட்டாத வரிசையில் பல பத்தாண்டுக் காத்திருப்பு. உங்களுக்கு உடன்பிறந்தவர் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள்.

அப்புறம் அடிக்கடி வந்து போவதைப் பற்றி. கனடா பி.ஆர். நிலைக்க ஐந்து வருடத்தில் 730 நாள் அங்கே இருக்க வேண்டும். பி.ஆர். வாங்கி, போய்க் கால் வைத்துவிட்டு, திரும்பி வந்து இங்கேயே வேலை பார்த்த பலர் அந்த நாள் கணக்கில்தான் இழந்தார்கள்.


நெக்கர்_கரை

மாமா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். ஜெர்மனியில் 2024 மார்ச் 1-க்குப் பிறகு முதல் வசிப்பு அனுமதி பெற்ற திறன் தொழிலாளர்கள் பெற்றோரையும் மாமனார் மாமியாரையும் அழைத்துக்கொள்ள விதி வந்திருக்கிறது. நடைமுறையில் வயதானவர்களுக்கு மருத்துவக் காப்பீடு எடுப்பதில்தான் சிக்கல், சர்க்கரை இருந்தால் இன்னும் கடினம்.

அடிலெய்ட் அக்காவோடு ஒரு இடத்தில் நான் உடன்படவில்லை. அவர் சொன்ன வழி நல்ல வழிதான், ஆனால் இரண்டு தேர்வு, ஆஸ்திரேலியா பயணம், பதிவு, மதிப்பீடு, அழைப்பு என்று வரிசையாக எல்லாம் நடக்க வேண்டும். எந்த இடத்திலும் விதி மாறலாம். ஜெர்மனி வேலை கையில் இருக்கிறது. நேரடி ஒப்பந்தம் கிடைத்தால் அக்கா வழியில் பதிவு முடிவதற்குள் இங்கே நிரந்தர உரிமையே வந்துவிடும்.


அடிலெய்ட்_அக்கா

நெக்கர் தம்பி, உங்கள் வாதம் புரிகிறது. ஆனால் அந்த இரண்டு வருடமும் அவர் மனைவி என்ன செய்வார்? ஜெர்மனியில் நர்ஸாக வேலை செய்ய பெரும்பாலும் பி2 ஜெர்மன், பட்ட அங்கீகாரம், தேவைப்பட்டால் தகுதித் தேர்வு. அதுவரை உதவியாளர் வேலை. எட்டு வருடம் வென்டிலேட்டர் நோயாளிகளைப் பார்த்தவர் உதவியாளராக நிற்பது எனக்கு மனசு ஒப்பவில்லை. நான் பார்த்த வரையில் ஊருக்குத் திரும்பிய குடும்பங்கள் பாதி, மனைவிக்கு அங்கே வாழ்க்கை அமையாததால் திரும்பியவை.


நெக்கர்_கரை

அது நியாயம். அதனால்தான் கிளம்பும் முன்பே அவர் ஜெர்மன் தொடங்க வேண்டும் என்பேன். நுங்கம்பாக்கத்தில் மாக்ஸ் முல்லர் பவனில் வகுப்பு இருக்கிறது. தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனமும் நர்ஸுகளுக்கு ஜெர்மன் பயிற்சி கொடுத்து ஆள் எடுக்கிறது, அங்கே போய் விசாரியுங்கள். ஜெர்மனியில் நர்ஸ் பற்றாக்குறை மிகக் கடுமை, அங்கீகாரம் வந்துவிட்டால் அவருக்கே தனியாக வேலை அனுமதி கிடைக்கும். அப்போது குடும்பத்தின் தங்கும் உரிமை உங்கள் ஒருவர் வேலையில் மட்டும் தொங்காது.


வேளச்சேரி_ரிட்டர்ன்ஸ்

பிரிட்டனிலிருந்து திரும்பியவள் நான். ஒரு வருடம் முன்பு வரை இந்தக் கேள்விக்கு ஐந்து வருடம் வேலை, அப்புறம் நிரந்தரம் என்று எழுதியிருப்பேன். 2025 மே மாத வெள்ளை அறிக்கையில் ஐந்தைப் பொதுவாகப் பத்தாக்கும் திட்டத்தை அறிவித்தார்கள். அதே வருடம் ஜூலையில் ஸ்கில்டு வொர்க்கர் என்ற வேலை விசாவுக்கான சம்பள வரம்பு 41,700 பவுண்ட் ஆனது. மருத்துவக் கூடுதல் கட்டணம் மட்டும் பெரியவருக்கு வருடம் 1,035 பவுண்ட், விசா எடுக்கும்போதே எல்லா வருடத்துக்கும் சேர்த்துக் கட்ட வேண்டும். முதலாளி உரிமத்தை இழந்தாலோ ஆளைக் குறைத்தாலோ அறுபது நாளில் வேறு ஸ்பான்சர் தேட வேண்டியதுதான், நான் திரும்பி வந்தது அப்படித்தான்.

வேலையோடு கட்டிய விசாவில் போகிறவர்கள் எந்த நாடாக இருந்தாலும் இதை மட்டும் பாருங்கள்: நடுவில் வேலை போனால் எத்தனை நாள் தருவார்கள், அதுவரை இருந்த காலம் கணக்கில் நிற்குமா. இந்த இரண்டுக்கும் பதில் வாங்காமல் பையனை அங்கே பள்ளியில் சேர்க்காதீர்கள்.


வண்டலூர்_வாசி

எல்லோருக்கும் நன்றி. ஹெச்.ஆரிடம் கேட்டேன். நெக்கர்_கரை சொன்னது போலவே அவர்கள் நினைத்திருந்தது டெபுடேஷன்தான், ஐ.சி.டி. கார்ட், பி.எஃப். இங்கேயே. நேரடி ஒப்பந்தம் வேண்டும் என்று எழுத்தில் கேட்டுவிட்டேன். ஜெர்மன் மேனேஜர் முடியாது என்று சொல்லவில்லை, அவர்கள் பட்ஜெட்டில் இடம் பார்க்க வேண்டும், இரண்டு மாதம் ஆகும் என்கிறார். டெபுடேஷன் மட்டும்தான் என்றால் நான் போகப்போவதில்லை.

அந்த இரண்டு மாதத்துக்குள் நாங்கள் செய்யப்போவது: இருவரும் ஆங்கிலத் தேர்வு எழுதுகிறோம். மனைவி என்கிளெக்ஸுக்குப் படிக்கத் தொடங்கிவிட்டாள், டிரான்ஸ்கிரிப்டுக்கும் கவுன்சில் சரிபார்ப்புக்கும் விண்ணப்பம் போட்டாயிற்று. சி.டி.ஆர்.-ஐ நானே எழுதுகிறேன். புளூ கார்ட் வந்தால் ஜெர்மனி, அங்கே போனாலும் அவள் பெயரில் ஆஸ்திரேலியா ஓடிக்கொண்டிருக்கும். வராவிட்டால் ஆஸ்திரேலியா மட்டும், அவள்தான் முதன்மை விண்ணப்பதாரர். கனடாவை இப்போதைக்கு விட்டுவிட்டோம், பிரெஞ்சும் ஜெர்மனும் ஒரே நேரத்தில் எங்களால் முடியாது. ஏஜென்டிடம் உரிம எண் கேட்டேன், அதற்கப்புறம் போனே வரவில்லை. எனக்கு ஒரு தங்கை, விழுப்புரத்தில். அப்பாவைப் பற்றி அவளோடும் மாப்பிள்ளையோடும் இந்த ஞாயிறு உட்கார்ந்து பேசுகிறோம்.


தாம்பரம்_மேற்கு

நல்ல முடிவு. ஆங்கிலத் தேர்வு தேதியை மட்டும் யோசித்துப் போடுங்கள். கனடாவில் மதிப்பெண் இரண்டு வருடம்தான் செல்லும், ஆஸ்திரேலியாவில் விசாப் புள்ளிக்கு மூன்று வருடம், நர்ஸ் பதிவுக்கு அவர்களுக்கென்று தனி மதிப்பெண் விதி. உங்கள் சி.டி.ஆருக்கு இப்போதே எழுதலாம். மனைவி என்கிளெக்ஸ் முடியும் தறுவாயில் எழுதினால் ஒரே மதிப்பெண் பதிவுக்கும் விசாவுக்கும் உதவும், இரண்டு தடவை கட்டணம் கட்ட வேண்டியிருக்காது. பையனின் பாஸ்போர்ட் ஐந்து வருடத்துக்குத்தான் இருக்கும், அது எப்போது முடிகிறது என்று இன்றே எடுத்துப் பாருங்கள்.